போன சம்பாவில் கிட்டி எங்கே பொய்த்தது: வயல் எலி வேட்டைக்கு அறிகுறி வாரியாக ஒரு சரிபார்ப்பு

அறுப்பு முடிந்து வைக்கோலும் கட்டியாயிற்று. உளுந்து பூவெடுத்து நிற்கிறது. கிட்டிகளை, அதாவது மூங்கில் வில் வைத்த எலிப்பொறிகளை, பரணில் ஏற்றுவதற்கு முன்னால், போன சம்பாவில் எது எலியைப் பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று எழுதி வைத்துவிட வேண்டுமென்று உட்கார்ந்தேன். அடுத்த நடவுக்குள் பாதி மறந்துவிடும்.

எங்கள் வயல் நீடாமங்கலத்துக்குப் பக்கம், வெண்ணாற்றுப் பாசனம். மொத்தம் 9 மா (மூன்று மா ஓர் ஏக்கர்). 5 மாவில் சி.ஆர். 1009 என்ற நீண்ட வயது நெல் ரகம், மீதியில் ஆந்திரா பொன்னி. பொன்னியில் எலி வேட்டை நன்றாக நடந்தது. சி.ஆர். 1009-இல் நடுவயலில் வட்ட வட்டமாக இழந்தேன். இரண்டிலும் வைத்தது ஒரே கிட்டிகள்தான், ஒரே பொரிதான். அப்படியானால் முக்கியப் பிழை கருவியில் இல்லை. வைத்த நாளிலும் இடத்திலும் இருக்கிறது. அதைத்தான் கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் வயலில் எது தெரிகிறதோ அந்த இடத்திலிருந்து படியுங்கள்.

பயிர் வெட்டுப்பட்டிருக்கிறது; எலியா என்று தெரியவில்லை

முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளாமல் கிட்டி எடுக்காதீர்கள். நட்டு இரண்டு வாரத்துக்குள் நாற்று துண்டாகித் தண்ணீரில் மிதந்தால், நண்டாகவும் இருக்கலாம். நண்டு வளையின் வாயில் மண் ஈர உருண்டைகளாகக் கிடக்கும், ஓட்டை வழவழவென்று இருக்கும். எலி வளையின் வாயில் மண் பொலபொலவென்று குவிந்து கிடக்கும்.

தூர் கட்டிய பிறகு வெட்டு விழுந்தால் தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். எலி வெட்டினால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கத்தியால் சாய்த்துச் சீவியது போல வெட்டு இருக்கும். வரப்போரத்து இரண்டு மூன்று வரிசையை விட்டுவிட்டு உள்ளேதான் திட்டுத் திட்டாக வெட்டும். வரப்பில் நடந்துபோகிறவர் கண்ணுக்குப் பயிர் முழுசாகத் தெரியும். நான் ஏமாந்தது அங்கேதான். வயலுக்குள் இறங்கி நடுவில் நின்று பார்த்தபோது ஒரு பாய் விரிக்கும் அளவுக்குக் காலியாக இருந்தது.

கதிர் வெளுத்து நின்று, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் அது குருத்துப்பூச்சி. அதற்குக் கிட்டி வைத்துப் பயனில்லை.

வரப்பு முழுக்க ஓட்டை. எதில் எலி இருக்கிறதென்று தெரியவில்லை

முதல் தடவை வளை வெட்டியபோது நானும் தம்பியும் வாய் திறந்து கிடந்த ஓட்டைகளாகப் பார்த்து வெட்டினோம். காலை முழுக்க மண்வெட்டி பிடித்தும் ஒரு எலி இல்லை. மறுநாள் கிட்டிக்காரர் வந்து பார்த்தார். எங்கள் ஊருக்கு முப்பது வருஷமாகக் கிட்டி வைக்கிறவர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வரப்பில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, புதுமண் அடைத்துக் கிடந்த ஒரு வாயை விரலால் தொட்டுக் காட்டினார்.

"திறந்து கிடக்குறது ஆள் இல்லாத வீடு தம்பி. உள்ள இருக்குறவன் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் படுப்பான்."

நம் வரப்பைத் தோண்டும் கறுப்பு எலியின் பழக்கம் அதுதான். விடியும்போது உள்ளே போய், மண்ணைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு வளைக்கு ஓர் எலிதான் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு தாயும் குட்டிகளும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது வயலைப் பார்த்துச் சொன்ன சொல்.

சந்தேகம் வந்தால் ஒரு வழி இருக்கிறது. சாயங்காலம் வரப்பில் உள்ள எல்லா ஓட்டையையும் சேற்றால் மூடிவிடுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள். எது மறுபடி திறந்து புதுமண் தள்ளியிருக்கிறதோ அதில் எலி இருக்கிறது. பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். நாங்கள் மூடிய ஓட்டைகளில் பாதிக்கும் குறைவாகத்தான் திறந்திருந்தது. அதற்கு மேல் வெட்டியதெல்லாம் வீண் வேலை.

கிட்டி வைத்தும் விடியும்போது ஒன்றும் விழவில்லை

இதில் நான்கு வகை உண்டு. நான்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் "கிட்டி இந்தக் காலத்துக்கு ஆகாது" என்று முடிவுகட்டுகிறோம்.

இரை அப்படியே இருக்கிறது, கிட்டியும் நிற்கிறது என்றால் எலி அந்தப் பக்கமே வரவில்லை. இடம் தப்பு. எலி ஒரே தடத்தில்தான் போய் வரும். பயிருக்கு நடுவே கையகல அகலத்துக்குப் புல் படிந்து, தரை வழுவழுப்பாகி, ஓரத்தில் புழுக்கை கிடக்கும். கிட்டி அந்தத் தடத்திலோ வெட்டுப்பட்ட திட்டின் ஓரத்திலோ இருக்க வேண்டும். நடக்க வசதி என்று வரப்பின் மேலேயே வரிசையாக வைப்பது நம் சௌகரியத்துக்கு மட்டும்தான் உதவும். பொன்னியில் வயலுக்குள் இறங்கி வைத்தோம், விழுந்தது. சி.ஆர். 1009 வயலில் உளைச் சேறு ஆழம், இறங்கச் சோம்பல்பட்டு வரப்பில் வைத்தேன், விழவில்லை.

தண்ணீர் நிற்கும் வயலில் கிட்டி நனையாமல் இருக்க ஒரு கூடை சேற்றை அள்ளி மேடு கட்டி, அதன் தலையில் வைக்க வேண்டும். அந்த மேட்டை முதல் நாளே கட்டி, வெறும் பொரியை மட்டும் தூவிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. எலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் பயம். ஒரு ராத்திரி அது சுற்றிப் பார்த்துத் தின்று பழகட்டும்.

இரை காணோம், கிட்டி மட்டும் நிற்கிறது என்றால் விசை கெட்டி. இந்த இடத்தில் அண்ணன் செய்ததை அப்படியே சொல்கிறேன். என் கிட்டி ஒன்றை எடுத்து, வில்லை வளைத்து, அதைப் பிடித்து நிறுத்தும் சின்னக் குச்சியைப் பொருத்தினார். பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு வைக்கோல் தாளை எடுத்து, இரை கட்டும் இடத்தை மெல்ல இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. தாள்தான் ஒடிந்தது. "தாளுக்கு விழணும்" என்றார். குச்சியின் காடியை, அதாவது வில்லைப் பிடிக்கும் வெட்டுப் பள்ளத்தை, பார்த்தால் பனியிலும் ஈரத்திலும் ஊறிப் பருத்து இறுகியிருந்தது. நான் பச்சை மூங்கிலில் சீவிய குச்சி அது. பேனாக்கத்தியால் காடியை இரண்டு சீவு சீவி, விளிம்பில் துளி எண்ணெய் தடவினார். அடுத்த இழுப்பில் வில் நிமிர்ந்த சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் வைக்கும் முன் எல்லாக் கிட்டியையும் தாள் கொண்டு சோதிக்கிறேன்.

சில சமயம் விசை சரியாக இருக்கும், நண்டும் நத்தையும் எறும்பும் இரையைத் தின்றிருக்கும். பொரியைத் துணியில் இறுக்கி முடிந்து கட்டினால் அது குறையும்.

கிட்டி விழுந்திருக்கிறது, எலி இல்லை என்றால் வில் சோர்ந்துவிட்டது. பகலெல்லாம் வளைத்தே வைத்திருந்த மூங்கில் இரவில் வேகமாக நிமிராது. காலையில் எடுத்ததும் நாணை அவிழ்த்து வில்லை நேராகப் போட வேண்டும். எலி பக்கவாட்டில் வந்து இழுத்தாலும் தப்பிவிடும். இரண்டு பக்கமும் நாலு குச்சி நட்டு, நேரே மட்டும் தலையை நுழைக்கிற மாதிரி வழியைக் குறுக்கினேன், அது உதவியது.

கிட்டியே காணோம் என்றால் பெருச்சாளி இழுத்துக்கொண்டு போயிருக்கும், அல்லது விழுந்த எலியை நரியோ நாயோ கிட்டியோடு தூக்கியிருக்கும். ஒரு முழக் கயிற்றில் முளைக்குச்சியோடு கட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு ராத்திரி நன்றாக விழுந்தது, பிறகு நின்றுவிட்டது

எலி குறைந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம், அந்தத் தடத்தை விட்டுவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். மறுபடி ஓட்டைகளை மூடிப் பாருங்கள், விடை கிடைக்கும். இன்னும் திறக்கிறது என்றால் கிட்டியைப் பத்தடி தள்ளி வேறு தடத்துக்கு மாற்றுங்கள். இரையையும் மாற்றுங்கள். பொரிக்கு அலுத்த எலி சுட்ட கருவாட்டுக்கும், ஓடு உடைத்த வயல் நண்டுக்கும் வந்தது. எங்கள் வயலில் நண்டு வைத்த கிட்டிகள்தான் கடைசிவரை விழுந்தன. மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிட்டி என்று நெருக்கி, மூன்று நான்கு ராத்திரி தொடர்ந்து வைப்பது, நாளுக்கு நாலு கிட்டியை மாதம் முழுக்க வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

நிலாக் காலத்தில் எலி வெளியே திரிவது குறைவு. அமாவாசையை ஒட்டி வைத்த நாட்களில் எங்களுக்கு அதிகம் விழுந்தது.

எந்த இரை வைத்தாலும் சீண்டவே இல்லை

பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறதென்று பாருங்கள். கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவம் தாண்டி பால் பிடித்துவிட்டதா? அப்படியானால் நேரம் போய்விட்டது. வயல் நிறையச் சோறு இருக்கும்போது உங்கள் ஒரு பிடி பொரிக்கு அது ஏன் வர வேண்டும்?

போன பட்டத்தில் நான் செய்த பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எலி இனம் பெருகுவதும் நெல் பொதி கட்டுவதும் சேர்ந்தே நடக்கின்றன. பொதிக்குள் இருக்கும் இளங்கதிரைத் தின்ற பெட்டை சினைப்படும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் குட்டி போடும். பூத்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் அறுப்பு. ஆக, பொதியில் இருக்கிற ஒரு பெட்டை அறுப்புக்குள் ஒரு குடும்பமாகிவிடும். பொதிக்கு முன்னால், தூர் கட்டும் பருவத்தில் வயலில் தீனியும் குறைவு, எலியும் குறைவு. அப்போது விழுகிற ஒரு பெட்டை, அறுப்புச் சமயத்தில் விழுகிற பல எலிக்குச் சமம். பொன்னியில் நட்ட இருபதாம் நாளே ஆரம்பித்தேன். சி.ஆர். 1009 என்பது 155 நாளைக்கு மேல் போகிற பயிர், நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டு, வெட்டு கண்ணில் பட்ட பிறகு ஓடினேன்.

பால் பிடித்த பிறகு என்ன செய்யலாம்? கிட்டியை நம்ப வேண்டாம். வளையை வெட்டுவதும் நாயும்தான் அப்போது கைகொடுக்கும்.

வளைக்குப் புகை போட்டோம், எலி வரவில்லை

மண்பானையில் வைக்கோலும் வரட்டியும் நாலு மிளகாய் வற்றலும் போட்டு ஊதினோம். புகை உள்ளே போவது தெரிந்தது, ஒன்றும் வரவில்லை. காரணம், ஒவ்வொரு வளைக்கும் ஒரு கள்ள வாய் உண்டு. மேலே மெல்லிய மண் மட்டும் மூடி, பார்த்தால் தெரியாதபடி வைத்திருக்கும். ஆபத்தென்றால் தலையால் முட்டிக்கொண்டு அதன் வழியே வெளியேறும். புகையை ஒரு பக்கம் ஊதிக்கொண்டு எல்லோரும் அந்தப் பக்கமே நின்றோம். பின்னால் புல் அசைந்ததை நாய் பார்த்துக் குரைத்த பிறகுதான் திரும்பினோம்.

முதலில் ஒருவர் மட்டும் ஊத வேண்டும். மற்றவர்கள் விலகி நின்று எங்கெல்லாம் புகை கசிகிறதென்று பார்க்க வேண்டும். கசிகிற வாய்களைச் சேற்றால் அடைத்து, ஒன்றில் மட்டும் வலையோடு நிற்க வேண்டும். வரப்பை வெட்டினால் அன்றைக்கே மண் போட்டு மிதித்துக் கட்டுங்கள். நாங்கள் ஒரு வரப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து, ராத்திரி மழையில் அது உடைந்து உரம் போட்ட தண்ணீரெல்லாம் வடிந்தது.

வெட்டிய ஒரு வளையில் கண்ட காட்சி இன்னும் மனத்தில் நிற்கிறது. முழங்கால் ஆழத்தில் ஓர் அறை. உள்ளே கதிர்கள் ஒரே அளவாக வெட்டி, காம்பெல்லாம் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தது. அறுவடைக்குப் பின் வளை வெட்டி நெல் எடுத்துப் பசியாறிய குடும்பங்கள் நம் டெல்டாவில் இருந்தன. அவர்களுக்குத் தெரிந்த வளைக் கணக்கில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது.

மருந்து வைத்தோம், முதல் நாள் தின்றது, மறுநாள் தொடவில்லை

துத்தநாக பாஸ்பைடு வைத்தால் இது நடக்கும். கொஞ்சம் தின்று வயிறு புரட்டி உயிர் பிழைத்த எலி, அந்த ருசியை மறப்பதில்லை. வைப்பதானால் இரண்டு மூன்று நாள் எண்ணெய் தடவிய வெறும் அரிசியை வைத்துப் பழக்கிய பிறகுதான் மருந்து கலக்க வேண்டும்: 96 பங்கு அரிசி, 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்து. ஒரு முறைக்கு மேல் தொடர்ந்து வைத்துப் பயனில்லை. இதற்கு முறிவு மருந்து கிடையாது. வெறுங்கையால் கலக்கக் கூடாது. மீந்ததையும் செத்த எலியையும் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

புரோமோடயலோன் மெதுவாக, சில நாள் கழித்துக் கொல்லும். அதனால் எலிக்குச் சந்தேகம் வராது. ஆனால் மயங்கித் திரியும் அந்த எலியைக் கூகை தின்றால் கூகைக்கும் விஷம் ஏறும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பயிற்சி பெற்றவர் தவிர யாரும் தொடக் கூடாது.

போன பட்டத்தில் நான் மருந்து வைக்கவில்லை. வைக்க மனமும் இல்லை. சாரைப்பாம்பும் கூகையும் கூலி கேட்காமல் செய்கிற வேலையைக் கெடுத்துவிட்டு, அதே வேலைக்கு நான் காசு கொடுத்து மருந்து வாங்க வேண்டுமா?

நான் பிடித்துக்கொண்டே இருக்கிறேன், குறையவே இல்லை

உங்கள் வயலுக்கு வெளியே பாருங்கள். வாய்க்கால் கரை, பெருவரப்பு, கருவை மண்டிய திடல், வைக்கோல் போர் இவைதான் எலியின் ஊர். உங்கள் வயல் அதற்குச் சந்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் முழுகும்போது எலியெல்லாம் அந்த மேடுகளில் ஒதுங்கும். மழை விட்ட மறுநாள் ஊரே சேர்ந்து மேட்டில் வேட்டையாடினால், ஒரு பட்டம் முழுக்கப் பிடிப்பதை இரண்டு நாளில் பிடிக்கலாம். நாங்கள் மூன்று பேர்தான் சேர்ந்தோம். ஒரு வாய்க்கால் முழுக்கச் சேர்ந்திருந்தால் என் இழப்பு இவ்வளவு இருந்திருக்காது.

இன்னொன்று, கடைசியாக நிற்கிற பயிர். சுற்றிலும் பொன்னி அறுத்துவிட்டார்கள், என் சி.ஆர். 1009 மட்டும் மூன்று வாரம் நின்றது. நாலு பக்கத்து எலியும் அங்கேதான் வந்தது. அடுத்த பட்டம் மடைக்கு மடை கலந்து பேசி, ஒரே வயதுள்ள ரகமாகப் போடுவது என்று பக்கத்து வயல் சித்தப்பாவோடு பேசியிருக்கிறேன்.

வரப்பு பெருத்தால் எலிக்கு வசதி. ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்குச் செதுக்கிக் கட்டினால் வளை போட மண் போதாது. வரப்பைச் செதுக்கும்போது புல்லும் போகும்.

பறவை உட்காரத் தாங்கி நட்டும் ஆந்தை வரவில்லை

வரப்பில் நட்டிருப்பீர்கள். வயலுக்குள், பயிரைவிட உயரமாக நடுங்கள். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலே போதும். கதிர் முற்றத் தொடங்கியதும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நெல் தின்னும் பறவைகள் உட்காரும்.

கிட்டியில் எலிக்குப் பதில் வேறொன்று மாட்டியது

வெளுத்த பிறகும் கிட்டி வயலில் கிடந்தால் கானாங்கோழியும் காடையும் மாட்டும். இருட்டியதும் வைத்து, விடியுமுன் எண்ணி எடுக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் தேடி எடுக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. காடை, கௌதாரி, கொக்கு, முயல், உடும்பு எதுவானாலும் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எலிக்கு வைத்தேன் என்று சொல்லிக்கொண்டு கறிக்குப் பறவை பிடிக்கிறவர்களோடு நம் கிட்டியையும் சேர்த்துப் பேச இடம் கொடுக்க வேண்டாம்.

மின்கம்பி கட்டலாமா என்று யோசனை வருகிறது

வேண்டாம். எலிக்காக வரப்பில் இழுத்த கம்பியில் தண்ணீர் பாய்ச்ச வந்தவரும், கட்டியவரே கூடவும் செத்திருக்கிறார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது அது.

வேட்டைக்குப் போய் வந்த சில நாளில் காய்ச்சல்

கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு வழியே உடம்பில் ஏறுவதால் வருவது. ஆஸ்பத்திரியில் வயலில் எலி பிடித்ததை முதலிலேயே சொல்லுங்கள். கையுறை போட்டுத்தான் எலியைத் தொட வேண்டும். காலில் புண் இருக்கிறவரை சேற்றில் இறக்காதீர்கள்.

உளுந்து எடுத்ததும் சித்திரையில் பெருவரப்பு வளைகளை வெட்ட ஆள் சொல்லியாயிற்று. அப்போது வயலில் ஒன்றும் இல்லாததால் எலி கரையோரமாகத்தான் இருக்கும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் கரையைச் செதுக்கி முடிக்க வேண்டும். கிட்டிக் குச்சிகளுக்கு இந்தத் தடவை முற்றிய மூங்கில் வாங்கி நிழலில் காயப் போட்டிருக்கிறேன். அண்ணன் வந்து பார்த்து, ஒன்றை ஒடித்து முகர்ந்துவிட்டு, இன்னும் பத்து நாள் காயட்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார்.